பாஸ் போட்ட காயங்கள்

செக்கர் அக்கா எதையும் வெறும் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல மாட்டாள். தோலைக் கையில் எடுத்ததும் புரட்டி, பின்பக்கம் கட்டை விரலைக் கொடுத்து மெல்ல மேலே தள்ளுவாள். சாயம் ஏற்றி, மெருகு போட்டு, பார்க்கிறதுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கிற தோல், அந்த ஒரு தள்ளலில் உண்மையைக் கக்கிவிடும். மூடி வைத்த காயம் வாயைத் திறக்கும். "பாத்தியா, பேசுது பாரு" என்பாள். கொண்டையில் செருகியிருக்கும் சில்வர் பேனாவை உருவிக் காயத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். அந்த வட்டத்துக்குள் வெட்டு அச்சை வைக்கக்கூடாது என்பது கட்டிங் செக்‌ஷனில் சட்டம்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் செக்‌ஷனில் இருந்தேன். அவள் கட்டிங்கில் தோல் பார்க்கிற செக்கர். இரண்டு பேருக்கும் மாதனூரில்தான் கம்பெனி பஸ். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவள் மேசைக்கு எதிரே சுவரில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டி அனுப்பின அட்டை ஒன்று தொங்கும். தோலில் என்னென்ன குறை வரும் என்று வரிசையாகப் படங்கள், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை. அக்கா படித்தது தமிழில், எட்டாவது வரைக்கும். ஆபீஸில் இருந்த ஒரு பெண்ணை விட்டு அந்த அட்டையைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, படத்தையும் சத்தத்தையும் சேர்த்து வாயில் போட்டு மென்று வைத்துக்கொண்டாள். வட்டம் போடும்போதெல்லாம் அந்த இரண்டு வார்த்தை சேர்ந்தே வரும். லைட்லி ஸ்க்ராட்ச்டு. டீப்லி கட். பேட்லி ஸ்டெயின்டு. வெல் ஹீல்டு.

"இங்கிலீஷ்காரன் கெட்டிக்காரன்டி" என்பாள். "மொத வார்த்தையில எவ்ளோன்னு சொல்லிட்றான். ரெண்டாவது வார்த்தையில இன்னா ஆச்சுன்னு சொல்லிட்றான். எவன் பண்ணான்ற பேச்சே கெடையாது. நம்ம பாஷையில வாயத் தொறந்து அடிச்சான்னு சொன்னா, அந்த ஆளும் கூடவே வந்து நடு வூட்ல நிப்பான். அவனுக்கு சோறு போடணும்."

அவளுக்கு அந்த ஜோடி வார்த்தைகள் தோலோடு நிற்கவில்லை. கேன்டீன் சாம்பார் பேட்லி குக்டு. பஸ் டிரைவர் மீசை பேட்லி டைடு. புதிதாக வந்த ஒரு பெண் "எனக்கு இங்கிலீஷே வராதுக்கா" என்று மூக்கைச் சிந்தினபோது, "ஆப்பாயில் துன்றியே, அது இன்னா பாஷை? பாதி வேகவெச்சதுன்னா கேக்கற? அதான்டி இங்கிலீஷு, ஒனக்கு எப்பவோ வந்துட்ச்சி" என்றாள். ஒரு நாள் பெங்களூர் ரோட்டில் பூ ஜோடனை செய்த கார் ஒன்று எங்கள் பஸ்ஸை முந்திப் போனது. பின் கண்ணாடியில் ஜஸ்ட் மேரீட் என்று எழுதியிருந்தது. அக்கா எட்டிப் பார்த்து உரக்கப் படித்துவிட்டு, "அட்டையில இந்த ஒரு படம்தான் வுட்டுப் போச்சி" என்றாள். பஸ்ஸே சிரித்தது. கடைசி சீட்டில் இருந்த தேன்மொழி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது கல்யாணமாகி முதல் ஆடிகூட வரவில்லை.

அந்த மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் அடிபட்ட கதைதான். தார்க்குச்சியால் குத்தியது, முள்கம்பியில் மாட்டி இழுத்தது, சூடு போட்டது, கத்தி தவறி உரித்தது. மாடு செத்தும் அதெல்லாம் சாகாமல் அவள் விரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். "பால் குடுத்ததுக்கு ஒரு அடையாளம் இருக்குதா பாரு இதுல? அடி வாங்கினதுக்கு மட்டும்தான் இருக்குது" என்று ஒரு முறை சொன்னாள். சொல்லிவிட்டு அந்தத் தோலைத் தடவிக் கொடுத்தாள், கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

அவளுக்கும் அடிக்கக் கை நீண்டுவிடும். கட்டிங் மெஷினில் ஒரு பையனின் மோதிர விரல் நுனி போய்விட்டது. ரத்தம் மேசையில் இருந்த வெள்ளைத் தோல் மேல் பீச்சியடித்தது. எல்லாரும் கத்தினார்கள். அக்கா ஓடிப் போய், அச்சுக்கு அடியில் கிடந்த நுனியைப் பொறுக்கி, பாலிதீன் கவரில் போட்டு, கேன்டீன் ஐஸில் வைத்தாள். "க்ளீன்லி கட். ஒட்டிடும், அழாதடா" என்று அவனிடம் சொன்னாள். சூப்பர்வைசர் வந்து முதல் வார்த்தையாக, "இந்த லாட் எல்லாம் ரத்தமாய்ட்ச்சே" என்றார். அக்கா விட்ட அறையில் அவருடைய மூக்குக் கண்ணாடி ஸ்கிராப் தொட்டிக்குள் போய் விழுந்தது. மறுநாள் அவர் வேறு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அந்த அறையைப் பற்றி இரண்டு பேரும் கடைசி வரை பேசவில்லை. விரல் ஒட்டவில்லை என்பது வேறு.

சாயங்கால பஸ்ஸில் அவள் எங்களையும் பார்ப்பாள். எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. யாரோ ஒருத்தி கம்பெனி கோட்டின் கையை இழுத்து இழுத்து விட்டு மூடியிருப்பாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கோட்டை மேலே ஏற்றி, கட்டை விரலை வைத்து மெதுவாக அழுத்துவாள்.

"லேசாத்தான்க்கா."

"லேசாத்தான்ற வார்த்தை நம்ம பொம்பளைங்க வாயில ஊறற எச்சிடி. முழுங்கினா மறுபடி ஊறும். எனக்கு அது வாணாம்" என்பாள். பிறகு அவளே சொல்வாள். பேட்லி. அல்லது லைட்லி. சில்வர் பேனாவால் அந்தக் கையிலும் ஒரு வட்டம்.

எங்களுக்கு அது பிடித்திருந்தது. இங்கிலீஷில் சொன்னால் ஆஸ்பத்திரியில் வியாதிக்குப் பெயர் வைத்த மாதிரி இருக்கும். அடித்தவன் அதற்குள் இல்லை. அவன் இல்லாததால் வெட்கமும் இல்லை. சிரித்துக்கொண்டே கூடக் காட்டலாம்.

அதில் ஒரு ஒழுங்கும் வந்துவிட்டது. அக்கா ஃப்ரெஷ்லி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அடிபட்டவள் புருஷன் வீட்டுக்குப் போகக்கூடாது. அம்மா வீட்டுக்கோ, எங்களில் ஒருத்தி வீட்டுக்கோ போய்விட வேண்டும். இன்று அடித்தவனுக்குக் கை இன்னும் ஆறியிருக்காது, ராத்திரியும் அடிப்பான் என்பது அவள் கணக்கு. வெல் ஹீல்டு என்று சொன்னால் பாஸ், வீட்டுக்குப் போகலாம். தோலுக்கும் அப்படித்தான். ஆறின காயத்தைப் பார்ட்டி ஒத்துக்கொள்வான், பச்சைக் காயத்தை ஒத்துக்கொள்ள மாட்டான்.

அக்காவின் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வெந்த தழும்பு உண்டு. ஆறின பாலில் ஆடை சுருங்கின மாதிரி இருக்கும். யாராவது கேட்டால் ஒரே மூச்சில், "டீப்லி பர்ன்ட், வெல் ஹீல்டு, பாஸ்" என்று சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

மாதனூர் ஸ்டாப்பில் அவள் புருஷன் டிவிஎஸ்ஸோடு நிற்பார். ஒரு நாள் தவறியதில்லை. மெலிந்த மனுஷர், வாயைத் திறந்தால் தேன். மழை என்றால் துண்டு கொண்டு வருவார். அவள் இறங்கினதும் கையை நீட்டி டிபன் பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொள்வார். எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, சாப்ட்டீங்களா எல்லாம்?" என்று கேட்பார். "குடுத்து வெச்சவக்கா நீ. எங்க வூட்டு ஆளுங்களுக்கு ஒரு நாள் டியூசன் எடுக்கச் சொல்லேன்" என்போம். அக்கா வண்டியில் ஏறிக்கொள்வாள்.

தேன்மொழிக்கு ஒடுகத்தூர் சொந்த ஊர், மாதனூருக்கு வாழ வந்தவள். அவள் வீட்டுக்காரன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். குடிக்காத நாளில்தான் குறி தப்பாது என்று அவளே சொல்வாள். அக்காவின் சில்வர் பேனா அவள் மேல் போட்ட வட்டத்தையெல்லாம் சேர்த்தால் வளையல் கடை வைக்கலாம். ஃப்ரெஷ்லி என்று அக்கா சொல்கிற நாளில் நேராக ஒடுகத்தூர் பஸ் ஏறிவிடுவாள். அவன் மறுநாள் வந்து காலில் விழுந்து கூட்டிப் போவான்.

போனஸ் கொடுத்த சனிக்கிழமை. எல்லார் கையிலும் ஸ்வீட் பெட்டி. பஸ்ஸில் ஒரே கூத்து. தேன்மொழி கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தாள். முகத்துக்கும் கழுத்துக்கும் பவுடர் கொஞ்சம் ஜாஸ்தி. அக்கா சுண்டு விரலால் துப்பட்டாவை விலக்கினாள். அக்காவின் இரண்டு கையிலும் பெட்டி இருந்தது. அதை மடியில் வைத்துவிட்டுக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கவில்லை.

"பழசுக்கா அது. ஆறிட்ச்சி" என்றாள் தேன்மொழி.

அக்கா குனிந்து பார்த்தாள். "ஓல்டு. வெல் ஹீல்டு. பாஸ், போடி. ஊட்டுக்குப் போயி ஸ்வீட்டு துன்னு" என்றாள்.

திங்கட்கிழமை கடைசி சீட் காலியாக இருந்தது. சனிக்கிழமை ராத்திரி லோடு ஆட்டோவின் ஜாக்கி ராடு தேன்மொழியின் தாடையில் இறங்கியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். உறிஞ்சுகுழல் வழியாகக் கஞ்சி. அந்தக் கழுத்துத் தடம் பழையது இல்லை. சனிக்கிழமை காலையில் அவன் நெரித்தது. தங்கச்சியை அன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், இவள் போய் நின்றால் அங்கே பேச்சாகிவிடும் என்று ஒடுகத்தூர் போகப் பிடிக்காமல் மூடியிருக்கிறாள். ஸ்டேஷனில் மாடிப்படியில் விழுந்ததாக எழுதி முடித்துவிட்டார்கள்.

அக்கா அழவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் வாயில் அந்த ஜோடி வார்த்தைகள் வரவேயில்லை. மேசையில் தோலுக்குத் தோல் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தாள். கொசு கடித்த இடத்துக்கெல்லாம் வட்டம்.

"இன்னாக்கா, முழு மாட்டையும் வட்டம் போட்டுட்டா நான் வெட்றதுக்கு இன்னா இருக்குது?" என்று கட்டிங் ஆள் புலம்பினான்.

"ஒண்ணும் இல்ல. வெட்டாத" என்றாள்.

என்னிடம் மட்டும் ஒரு தரம், கட்டை விரலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இத வெச்சிருந்தா பேசியிருக்கும்டி அந்தக் கழுத்து" என்றாள்.

கம்பி அவிழ்த்த பிறகு தேன்மொழியைத் திரும்ப அனுப்பச் சொல்லி ஒடுகத்தூரில் பஞ்சாயத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். மல்லாட்டைக் கடலை காயப் போட்ட களத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேன்மொழி வரச் சொன்னாள் என்று அக்காவும் நானும் போயிருந்தோம். வீட்டுக்காரன் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தான். அவன் அம்மா அவனுக்குப் பின்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மகன் செய்ததற்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்தோம்.

"நான் பண்ணது தப்புதான். ஜாக்கி ராட எடுத்தது தப்புதான். அன்னியிலேர்ந்து குடிக்கல. யாரு மேலயும் கை வெக்கல. எங்கம்மாவக் கேளுங்க" என்றான்.

அம்மா பொத்தின வாயோடு தலையை ஆட்டினாள்.

பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "கட்டு அவுத்தாச்சி. தழும்பும் ஆறிட்ச்சி. இன்னும் எத்தினி நாளுக்கு வெச்சிக்கினு இருப்பீங்க? ரெண்டாவது பொண்ணுக்கு வேற பேசி வெச்சிருக்கீங்க." அக்கா பக்கம் திரும்பினார். "கம்பெனி பொண்ணுங்க எல்லாம் இந்தம்மா சொன்னாத்தான் வூட்டுக்கே போவுமாமே? நீயே பாத்து சொல்லும்மா. ஆறிட்ச்சா இல்லியா? நீ பாஸுன்னா பாஸு."

களத்தில் எல்லாரும் சிரித்தார்கள். தேன்மொழி சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா சொல்கிறபடி செய்வாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தாடையைப் பார்த்தால் நிஜமாகவே ஆறித்தான் இருந்தது.

அக்கா எழுந்தாள். தேன்மொழியைத் தாண்டி நடந்து போய் அவன் எதிரே நின்றாள்.

"கையக் காட்டு."

"இன்னாது?"

"கையக் காட்டுப்பா."

அவன் பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாங்க இது, நான் இன்னா மாடா?"

"மாட்டுக்குக் கை கெடையாது. காட்டு."

வலது கையை அவளே பிடித்து இழுத்தாள். புரட்டினாள். உள்ளங்கைப் பக்கம் கட்டை விரலைக் கொடுத்து மேலே தள்ளினாள். விரல் முட்டி மேல் பவுடர் மாதிரி ஏதோ பூசியிருந்தது. தோல் விரிந்தது. உள்ளே சிவப்பாக, ஈரமாக, ஒரு பல் அகலத்துக்குக் கிழிசல்.

"ஃப்ரெஷ்லி கட்" என்றாள். எத்தனையோ நாள் கழித்து அவள் வாயில் அந்த ஜோடி.

"டயர் மாத்தறப்ப ஸ்பானர் பட்ச்சி" என்றான்.

அக்கா அவன் தோளுக்கு மேலாக அவன் அம்மாவைப் பார்த்தாள். கையை விடாமலேயே குனிந்து, இன்னொரு கையின் ஒரு விரலால் கிழவியின் முந்தானையை விலக்கினாள். கீழ் உதடு இரண்டாகப் பிளந்து வீங்கித் தொங்கியது. முன் பல் இருந்த இடத்தில் ரத்தம் கட்டி நின்றது.

"லேசாத்தான்மா" என்றாள் கிழவி. "காத்தால… இங்க வரமாட்டேன்னு சொன்னன், அதான்."

அக்கா கொண்டையிலிருந்து பேனாவை உருவி, அவன் முட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். நிதானமாக, கோடு கோணாமல் போட்டாள்.

"ரிஜெக்ட்."

வட்டம் விழுந்த அதே கையால் அவன் அடித்தான். அக்காவின் இடது காதில் இறங்கியது. பக்கத்தில் இருந்த சேரோடு சரிந்து மல்லாட்டைக் குவியலில் விழுந்தாள். அவன் காலைத் தூக்குவதற்குள் தேன்மொழியின் அண்ணன் பாய்ந்துவிட்டான். உடைந்த சேர்க் காலால் அண்ணன் அடித்த அடியில் வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிட்டது. பெரியவர்கள் பிடித்து இழுத்தார்கள், இழுத்த சாக்கில் அவர்களும் இரண்டு போட்டார்கள். யாரோ ஒருவர் மிதித்துக்கொண்டே, "அடிக்காதீங்கப்பா, அடிக்காதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். காலடியில் மல்லாட்டை நொறுங்கிக்கொண்டே இருந்தது.

அந்தக் கூச்சலில் தேன்மொழி எழுந்து நின்றாள். தாடை இன்னும் சரியாகத் திறக்காது. பல்லுக்கு நடுவிலிருந்து, "நான் போவ மாட்டேன்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை என்று இன்னொரு தரம் சொன்னாள்.

அவனை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அவன் அம்மா அவனோடு ஏறவில்லை. தேன்மொழியின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், உதட்டில் பட்டு எரிந்ததால் கிழவியால் குடிக்க முடியவில்லை.

மாதனூர் வரும் பஸ்ஸில் நான் அக்காவின் காதிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டே வந்தேன். இடது பக்கம் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு நாளைக்கு என்றாள். வெளியே பாலாற்று மணல் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று அவள் தன் வலது கையைத் திருப்பினாள். இடது கட்டை விரலை அடியில் கொடுத்து, அந்த வெந்த தழும்பை மேலே தள்ளினாள். அவள் தன் கையை அப்படிப் பார்த்து நான் கண்டதேயில்லை. சுருங்கின தோல் விரிந்து, நடுவில் இளஞ்சிவப்பாக ஒன்று பளபளத்தது.

"பாரு, பேசுது" என்றாள்.

"அக்கா…"

"இத்தினி வருசமா இதுக்கு வெரலே வெக்கலடி நானு. கண்ணால பாத்தே பாஸ் போட்டுட்டேன்." விரலை எடுக்காமலேயே, "வடிச்ச கஞ்சி. அடுப்புலேர்ந்து எறக்கின சூடு. சோறு கொழஞ்சிப் போச்சின்னு ஊத்தினான்" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றது. கீழே டிவிஎஸ் நின்றுகொண்டிருந்தது.

"ஐயய்யோ, காதுல இன்னா ரத்தம்? எவன் அடிச்சான் உன்ன?" என்று அவர் பதறிப் போய் ஓடி வந்தார். பதற்றம் பொய்யில்லை. எப்போதும் போல பையை வாங்கக் கையை நீட்டினார்.

அக்கா பையைக் கொடுக்கவில்லை. நீட்டின கையைப் பிடித்தாள். புரட்டினாள். கட்டை விரலை வைத்து அழுத்தினாள். அந்தக் கையில் ஒரு கீறல்கூட இல்லை, சுத்தமாக இருந்தது. அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்து வட்டம் போட்டாள்.

"இன்னாம்மா வெளையாட்டு இது, ரோட்ல?" என்று சிரித்தார்.

அவள் பேனாவை மூடிக் கொண்டையில் செருகினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள், வேலூர் போகும் பஸ் நிற்கிற பக்கம். திமிரியில் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். அக்கா மறுநாள் கம்பெனிக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

அன்றைக்கு அவர் கையில் வெள்ளி வட்டத்தோடு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "வாம்மா, வூட்டுக்குப் போலாம் வா." அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கூப்பிட்டதெல்லாம் அவளுக்கு இடது காதுப் பக்கத்திலிருந்து.